உள்ளங்கைச் சீனி

ஆண்டு பத்து வகுப்புக்குக் கரைசல் பாடம் எப்போதும் இரண்டாம் தவணையில்தான் வரும். தலவாக்கலையில் அது மழைக்காலம். குடை நனைந்து, சேலைக் கரை நனைந்து, அந்த ஈரத்தோடேயே பாடசாலை விடும்வரை நின்றுகொண்டு பேச வேண்டும். தகரக் கூரையில் மழை கொட்டினால் நான் சொல்வது இரண்டாவது வாங்கு வரிசையைத் தாண்டாது. கரையம், கரைப்பான், கரைசல் என்று கரும்பலகையில் எழுதிவிட்டு, மழை கொஞ்சம் குறையட்டும் என்று சுவரில் சாய்ந்து நிற்பேன். பிள்ளைகளும் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு காத்திருப்பார்கள். அவர்களில் பாதிப் பேர் விடியற்காலையில் எழும்பி வீட்டுக்குத் தண்ணீர் தூக்கி வைத்துவிட்டு, தேயிலை மலைகளுக்கு நடுவே நடந்து வந்தவர்கள். நானும் அப்படி வந்தவள்தான். எங்களில் யாருக்கு அதிகக் களைப்பு என்று கேட்டால் பதில் சொல்வது கஷ்டம்.

ஆய்வுகூடம் என்று எங்களிடம் இருந்தது ஓர் அலுமாரி. அதற்குள் மூக்கு உடைந்த முகவை ஒன்று, சோதனைக் குழாய்கள் கொஞ்சம், அடியில் கட்டிபட்டுப்போன பொற்றாசியம் பரமங்கனேற்றுப் போத்தல் ஒன்று. பெயர்தான் அவ்வளவு நீளம். புண் கழுவுவதற்குக் கடையில் விற்கிற கொண்டிஸ்தான் அது. அதில் ஒரு துணுக்கைத் தண்ணீரில் போட்டால் ஊதா நூல் நூலாக இறங்கும். அந்த நேரத்தில் மட்டும் வகுப்பு முழுக்க என் பக்கம் திரும்பும். பிறகு நான் தண்ணீரை ஊற்றிக்கொண்டே போவேன். ஊதா ரோஸ் நிறமாகி, வெளிறி, கடைசியில் வெறும் தண்ணீராகத் தெரியும். மருந்து எங்கே போயிற்று என்று கேட்பேன். போய்விட்டது என்பார்கள். போகவில்லை, அவ்வளவும் அதற்குள்தான் இருக்கிறது, செறிவுதான் குறைந்திருக்கிறது என்பேன். எழுதிக்கொள்வார்கள்.

அடுத்து நான் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. ஒரு கரண்டி உப்பை ஒரு கிளாஸ் தண்ணீரில் போடுகிறோம். அதே ஒரு கரண்டி உப்பை ஒரு வாளித் தண்ணீரில் போடுகிறோம். எது அதிகம் கரிக்கும்? கிளாஸ் என்று எல்லோரும் சரியாகச் சொல்வார்கள். சரி, இரண்டையும் குடித்தால் உடம்புக்கு எது கூடாது? வாளியை யார் டீச்சர் குடிப்பது என்று பின்வாங்கில் ஒருவன் கேட்பான். அவனை உட்கார வைத்துவிட்டு மறுபடி கேட்டால், இரண்டும் ஒன்றுதான், உப்பு ஒரு கரண்டிதானே, வயிற்றுக்குள் போனால் எல்லாம் கலந்துவிடும்தானே என்பார்கள். ஒவ்வொரு வருஷமும் இதே பதில். கெட்டிக்காரப் பிள்ளைகள்தான் முதலில் சொல்வார்கள். முட்டாள்தனமான பதிலாக இருந்தால் ஒரு அதட்டலில் முடித்துவிடலாம். இது அப்படியில்லை, அதுதான் எரிச்சல். இதைத் திருத்த அரை மணி நேரம் வேண்டும், தொண்டை வேண்டும், மழையும் நிற்க வேண்டும்.

இதையெல்லாம் நீட்டி முழக்குவதற்குக் காரணம், தொண்ணூறுகளின் நடுவில் வந்த ஒரு மழைக்காலம். அப்போது எனக்கு ஒரே மகள். மூன்று வயது முடியவில்லை.

நாங்கள் இருந்தது தோட்டத்து லயத்தில், வரிசையாகக் கட்டிய ஓரறைக் காம்பராக்களில் ஒன்று. டீச்சர் வேலை கிடைத்ததும் டவுனுக்கு வீடு மாறிவிடுவோம் என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். சொல்லிக்கொண்டே அங்கேயே இருந்தேன். என் வீட்டுக்காரருக்குக் கொழும்பில் ஒரு மொத்தக் கடையில் வேலை. தீபாவளிக்கு வருவார், பொங்கலுக்கு வருவார், நடுவில் முதலாளி மனம் வைத்தால் இன்னொரு தடவையும் வருவார். வீட்டில் நான், மகள், வீட்டுக்காரரின் அக்கா. மதினி என்றுதான் நான் கூப்பிடுவேன்; கொழுந்தெடுக்கிறவர். கல்யாணம் செய்து பொகவந்தலாவைப் பக்கம் போனவர், அது சரிப்படாமல் ஒரு துணி மூட்டையோடு தம்பி வீட்டுக்கே திரும்பி வந்துவிட்டார். அதைப் பற்றி யாரும் பேச விடமாட்டார். அவருக்குப் பிள்ளை இல்லை. என் மகளைப் பெற்றது நான், வளர்த்தது அவர் என்று சொன்னால் பெரிய பொய்யில்லை.

தோட்டத்தில் வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொள்ள ஒரு பிள்ளைக்காம்பரா இருந்தது. மகள் அங்கே இருப்பாள். கொழுந்து நிறுத்து முடிந்ததும் மதினி போய்த் தூக்கி வருவார். நான் பஸ்ஸை விட்டிறங்கி மலையேறி வரும்போது இரண்டு பேரும் வாசல் இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்து பாலில்லாத பிளேன்டி குடித்துக்கொண்டிருப்பார்கள். என்னைக் கண்டதும் மதினி, "டீச்சர் வந்துட்டாங்க, எந்திரி," என்று மகளிடம் சொல்வார். தம்பி பெண்டாட்டியை அவர் ஒருநாளும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. டீச்சர்தான். அதில் பாதி பெருமை, பாதி கேலி.

அந்தப் பிளேன்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் ஆட்கள் சீனியைத் தேத்தண்ணிக்குள் போட்டுக் கலக்குவது விருந்தாளி வந்தால்தான். மற்ற நேரத்தில் சீனி உள்ளங்கையில் இருக்கும். இடது கையில் கொஞ்சம் சீனி, நாக்கால் ஒரு தொடு, பிறகு ஒரு மிடறு. சீனி முடியும்போது கோப்பையும் முடிய வேண்டும். சீனி தட்டுப்பாடாக இருந்த காலத்தில் வந்த பழக்கமாக இருக்கலாம். கலக்கினால் இரண்டு கரண்டி பிடிக்கிற இடத்தில், கையில் வைத்தால் அரைக் கரண்டி போதும். ருசியும் அப்படித்தான் கூடுதல் என்பார்கள். என் மகளுக்கு ஒழுங்காக நடக்க வருவதற்கு முன்பே உள்ளங்கையைக் குழித்துப் பிடிக்க வந்துவிட்டது. மதினி தன் கையிலிருந்து ஒரு சிட்டிகை அதில் போடுவார். அவள் பூனைக்குட்டி மாதிரி நக்கிவிட்டு மறுபடியும் கையை நீட்டுவாள்.

பல் கெட்டுவிடும் என்று நான் சத்தம் போடுவேன். கலக்கிக் குடித்தால் குறைந்தா போய்விடுவீர்கள் என்பேன். எப்படிக் குடித்தாலும் உள்ளே போய்க் கரையத்தானே போகிறது என்பார் மதினி. வகுப்பில் கேட்டுக் கேட்டுச் சலித்த பதில் வீட்டு வாசலிலும் உட்கார்ந்திருக்கிறதே என்று நினைத்துக்கொண்டு, நான் சேலை மாற்ற உள்ளே போய்விடுவேன்.

அந்த வருஷம் மழை பிடித்த பிடியை விடவில்லை. மேல்மலையில் மண் சரிந்து, எங்கள் பீலிக்குத் தண்ணீர் வருகிற ஓடையில் விழுந்தது. லயத்துக்கெல்லாம் குடிக்க, குளிக்க இருந்தது அந்த ஒரு பீலிதான். தண்ணீர் பால் ஊற்றிய தேத்தண்ணி நிறத்தில் வந்தது. அந்த ஓடைக்கு மேல்பக்கம்தான் மேல்லயத்துக் கக்கூசுகள். கொஞ்ச நாளைக்குள் வீட்டுக்கு ஒருவராவது வயிற்றோட்டத்தில் படுத்தார்கள், பெரும்பாலும் குழந்தைகள். பிள்ளைக்காம்பராவை மூடிவிட்டார்கள்.

தோட்டத்து டிஸ்பென்சரியில் மருந்து கொடுக்கிறவரை எல்லோரும் டாக்டரய்யா என்போம். யாழ்ப்பாணத்துக்காரர், சண்டையில் ஊருக்குப் போகப் பாதையில்லாமல், எங்களோடேயே மழையில் இருமிக்கொண்டு கிடந்தவர். ஆட்கள் காலையில் வேலைக்குக் கூடுகிற பெரட்டுக் களத்துக்கே அவர் வந்து, உப்பும் சீனியும் சேர்ந்த மருந்துத் தூள் பக்கெட்டுகளைக் கொடுத்தார். கொதித்து ஆறின தண்ணீர் ஒரு லீட்டருக்கு ஒரு பக்கெட், நன்றாகக் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் பருக்க வேண்டும் என்று திருப்பித் திருப்பிச் சொன்னார். ஒரு போத்தலைத் தூக்கி அளவும் காட்டினாராம். மதினி அங்கே நின்றார், கேட்டார், என்னிடம் வந்து ஒரு சொல் விடாமல் ஒப்புவித்தார். சொன்னவர் சரியாகச் சொன்னார், கேட்டவர் சரியாகக் கேட்டார். இதை நான் பிற்பாடு வீட்டுக்காரரிடம் பல தடவை சொல்ல வேண்டி வந்தது.

மகளுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆரம்பித்தது. அன்று நானே போத்தலில் அளந்து கரைத்தேன். அவள் ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்துத் துப்பினாள். உப்பென்றும் சொல்ல முடியாது, இனிப்பென்றும் சொல்ல முடியாது, குடலைப் புரட்டுகிற ருசி. நானும் குடித்துப் பார்த்தேன். கதை சொல்லி, கெஞ்சி, அதட்டி, கரண்டி கரண்டியாகப் பாதிப் போத்தலை உள்ளே இறக்குவதற்குள் பொழுது போய்விட்டது. ஆனாலும் போக்கு குறைந்தது. மறுநாள் காலையில் சிரித்தாள்.

கல்விக் காரியாலயத்திலிருந்து பாடசாலையைப் பார்க்க ஆட்கள் வருகிற நாள் அது. லீவு என்ற பேச்சுக்கே இடமில்லை. மதினி வேலைக்குப் போகாமல் நின்றுகொண்டார். நான் போனேன். போனது தப்பென்று அன்றும் நினைக்கவில்லை, இன்றும் நினைக்கவில்லை. வேலைக்குப் போகிற பெண்கள் பிள்ளைக்குச் சுகமில்லாத நாளிலும் வேலைக்குப் போகிறார்கள். வேறெப்படிப் பிழைப்பது?

அன்று வீட்டில் நடந்ததை மதினி பிறகு ஒன்றும் மறைக்காமல் சொன்னார். நான் போன கொஞ்ச நேரத்தில் மகளுக்கு மறுபடியும் போக ஆரம்பித்திருக்கிறது. மதினி, டாக்டரய்யா சொன்னபடியே தண்ணீரைக் கொதிக்க வைத்து, ஆற வைத்து, போத்தலில் அளந்து கரைத்திருக்கிறார். மகள் துப்பினாள். மறுபடி கொடுத்தார், மறுபடி துப்பினாள். மூன்றாவது தடவை காலால் உதைத்ததில் போத்தல் சரிந்து அவ்வளவும் தரையில் போயிற்று. மதினி உட்கார்ந்து யோசித்திருக்கிறார். மருந்து என்பது அந்தத் தூள். தண்ணீர் அதை உள்ளே அனுப்புவதற்கு. பிள்ளைக்குப் பிடிக்காதது அந்தத் தண்ணீரின் ருசி. அப்படியென்றால் பிள்ளை எப்படித் தின்னுமோ அப்படிக் கொடுத்தால் என்ன?

அடுத்த பக்கெட்டைப் பிரித்து மகளின் உள்ளங்கையில் ஒரு சிட்டிகை போட்டிருக்கிறார். அவள் நக்கினாள். மேலே ஒரு மிடறு பிளேன்டி. துப்பவில்லை. இன்னும் வேண்டும் என்று கையை நீட்டினாள். மதினிக்குப் போன உயிர் திரும்பி வந்திருக்கிறது. ஒரு சிட்டிகை, ஒரு மிடறு. மத்தியானத்துக்குள் ஒரு பக்கெட் முடிந்தது, சாயங்காலத்துக்குள் இன்னொன்று. நடுவில் அவள் தண்ணீர் கேட்டிருக்கிறாள். வயிற்றோட்டத்துக்கு வெறும் தண்ணீர் கொடுத்தால் இன்னும் போகும் என்பது லயத்தில் எல்லோருக்கும் நிச்சயமாகத் தெரிந்த விஷயம். அதனால் மதினி கொடுக்கவில்லை.

நான் மலையேறி வரும்போதே அழுகை கேட்டது. சாதாரண அழுகை இல்லை. குரல் கம்மி, கீச்சென்று, மூச்சு விடாமல் வந்தது. மகள் மதினியின் மடியில் கிடந்தாள். உதடு காய்ந்து வெடித்திருந்தது. நாக்கை வெளியே நீட்டி நீட்டி எதையோ தேடினாள். கண் என்னைப் பார்த்தது, அடையாளம் கண்டதா என்று தெரியவில்லை. கை மணிக்கட்டில் விட்டு விட்டு வெட்டி இழுத்தது.

"ரெண்டு பக்கெட்டையும் தின்னுருச்சு டீச்சர். ஒரு பொட்டு வீணாக்கல," என்றார் மதினி. பயந்துபோய்த்தான் இருந்தார், ஆனாலும் அதைச் சொல்லும்போது குரலில் ஒரு திருப்தி இருந்தது. நான் மகளின் இடது கையைப் பிரித்துப் பார்த்தேன். ரேகைகளுக்குள் வெள்ளைத் தூள் ஒட்டியிருந்தது.

ஒரு லீட்டர் தண்ணீருக்கென்று அளந்து வைத்த உப்பு அது. அந்தத் தண்ணீரில் கரைந்தால் அது மருந்து. நாலு மிடறு பிளேன்டியில் கரைந்தால் அது உப்பு, அவ்வளவுதான். வயிற்றுக்குள் போய்க் கரையத்தான் கரையும். ஆனால் கரைவதற்கான தண்ணீரை எங்கிருந்து எடுக்கும்? பிள்ளையின் உடம்பிலிருந்துதான் எடுக்கும். வெளியே போகிற தண்ணீர் ஒரு பக்கம், உப்பு உறிஞ்சுகிற தண்ணீர் இன்னொரு பக்கம். வருஷா வருஷம் வாளியும் கிளாஸுமாகக் கரும்பலகையில் வரைகிற படம். அதை இப்போது மதினியின் மடியில் பார்த்தேன்.

கொழுந்து லொறியில்தான் நுவரெலியாப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டரய்யா மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு கூடவே ஏறினார். நடந்ததைச் சொன்னேன். அவர் கண்ணை மூடித் திறந்தார். யாரையும் திட்டவில்லை. பிறகு, "தண்ணி கேப்பாள் டீச்சர். பாவமெண்டு பாத்து அள்ளிக் குடுத்துப்போடாதையுங்கோ. இனி அவசரப்பட்டாலும் பிள்ளைக்கு ஆபத்து," என்றார். பச்சைக் கொழுந்து வாடை அடிக்கிற அந்த லொறியில், தார்ப்பாயிலிருந்து மழை வழிந்து எங்கள் மூன்று பேரின் மேலும் கொட்டிக்கொண்டிருந்தது. மகள் அந்தச் சொட்டுகளுக்கு வாயைத் திறந்தாள். நான் அவள் முகத்தை என் சேலையால் மூடினேன்.

ஆஸ்பத்திரியில் சின்ன வயது டாக்டரம்மா ஒருவர் இருந்தார், சிங்களவர். இரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, உப்பு மிகவும் ஏறியிருக்கிறது என்றார். பிழைப்பாளா என்று என் கடைத்தெருச் சிங்களத்தில் கேட்டேன். அவர் கையைத் தாழ்த்தி, பூனையைத் தடவுவது போலக் காற்றைத் தடவி, "ஹெமின், ஹெமின்," என்றார். மெல்ல, மெல்ல. ஏறின உப்பை மெல்லத்தான் இறக்க வேண்டும். சேலைனும் சொட்டுச் சொட்டாகத்தான் போகும். வாயால் கொடுப்பது அவர்கள் சொல்கிற நேரத்தில் ஒரு கரண்டி. வேகமாகத் தண்ணீர் போனால் மூளை வீங்கும், வலிப்பு வரும், அதற்குப் பிறகு தன்னால் ஒன்றும் செய்ய முடியாமல் போகலாம் என்றார்.

எனக்கு அது விளங்கியது. விளங்காமல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். நுவரெலியாவில் பஞ்சமில்லாத ஒரே ஆய்வுகூடப் பொருள் உருளைக்கிழங்கு. அதை வில்லையாக வெட்டி வகுப்பில் எத்தனையோ தடவை செய்து காட்டியிருக்கிறேன். செறிவான உப்புத் தண்ணீரில் போட்டால் வில்லை தண்ணீரை விட்டுத் துவண்டுபோகும். அதைத் தூக்கி வெறும் தண்ணீரில் போட்டால் குடித்துக் குடித்து விறைத்து நிற்கும். பிள்ளைகள் அதை அமுக்கிப் பார்த்துச் சிரிப்பார்கள். என் மகளின் தலைக்குள் இருப்பதும் அதே மாதிரித் தண்ணீர் குடிக்கும் என்று இப்போது இந்த டாக்டரம்மா சொல்கிறார்.

பிள்ளை வார்ட்டில் தாய் ஒருத்திதான் நிற்கலாம். கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தேன். இரவுகளைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. பகல்களே போதும். மகள் தண்ணி, தண்ணி என்றாள். முதலில் அழுதுகொண்டு கேட்டாள். பிறகு கெஞ்சினாள், அந்த வயதில் கெஞ்சத் தெரியும் என்று எனக்குத் தெரியாது. நல்ல பிள்ளையாக இருப்பேன் என்றாள். பக்கத்துக் கட்டில் பிள்ளையின் தாய் கோப்பையில் தண்ணீர் ஊற்றினால் அந்தச் சத்தத்துக்குத் தலையைத் திருப்புவாள். ஜன்னலுக்கு வெளியே கூரைப் பீலியில் மழை இடைவிடாமல் கொட்டியது. இந்த ஊரில் இவ்வளவு தண்ணீர், என் பிள்ளைக்குக் கொடுக்க ஒரு கரண்டிதான். எனக்கு மழை மேல் கோபம், கரண்டி மேல் கோபம், மதினி மேல் சொல்ல முடியாத கோபம். ஒரு கரண்டியைக் கொடுத்துவிட்டு அடுத்த கரண்டிக்காக நர்ஸின் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். ஒரு தடவை மகள் என் விரலைக் கடித்தாள். கடிக்கட்டும் என்று விட்டேன்.

மதினி வெளியே விறாந்தையில் இருந்தார். முதல் நாள் லொறியில் ஏற்றாமல் வந்துவிட்டோம். மறுநாள் காலை பஸ்ஸில் வந்து சேர்ந்து, விறாந்தை வாங்கின் ஓரத்தில் உட்கார்ந்தவர் எழும்பவே இல்லை. கதவு திறக்கும்போதெல்லாம் தெரிந்தார். நான் அவரோடு பேசவில்லை. பேசினால் என்ன வரும் என்று எனக்கே பயமாக இருந்தது.

தோட்டத்திலிருந்து யாரோ கடைக்கு டெலிபோன் பண்ணி, வீட்டுக்காரர் அன்று மத்தியானம் வந்தார். மகளை ஒருமுறை பார்த்தார். பிறகு விறாந்தைக்குப் போய் அக்காவை எல்லோருக்கும் முன்னால் வைத்துப் பேசினார். ஒரு பிள்ளையைப் பார்த்துக்கொள்ளத் தெரியாதா, அதனால்தான் கடவுள் உனக்கென்று ஒன்றைக் கொடுக்கவில்லை என்கிற அளவுக்குப் பேசினார். பிள்ளைக்கு எதுவும் ஆனாலும் ஆகாவிட்டாலும் பொகவந்தலாவைக்கே போய்விட வேண்டும் என்றார். மதினி தலையைக் குனிந்துகொண்டார். நான் வெளியே போய் வீட்டுக்காரரின் கையைப் பிடித்து நிறுத்தினேன். டாக்டரய்யா சரியாகத்தான் சொன்னார், மதினி சரியாகத்தான் கேட்டார் என்றேன். அப்படியானால் ஏன் இப்படிச் செய்தாள் என்று கேட்டார்.

மதினிதான் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். "உள்ள போயிக் கரைஞ்சிரும்னு நெனச்சேங்க டீச்சர்," என்றார்.

அந்தக் குரலை நான் ஒவ்வொரு வருஷமும் கேட்டிருக்கிறேன். முன்வாங்கிலிருந்து, எண்ணெய் தேய்த்துப் பின்னிய தலைகளோடு, நிச்சயமாகச் சரி என்று நம்பிக்கொண்டு எழும்பி நின்று சொல்கிற குரல். அவர்களுக்கு நான் சிவப்புப் பேனாவால் ஒரு கோடு போடுவேன். மதினியின் மேல் கோபம் எனக்கு அப்போதும் போகவில்லை; ஆனால் அதைத் தூக்கிச் சுமக்கத் தெம்பில்லாமல் போயிற்று. உள்ளே திரும்பிப் போனேன். அடுத்த கரண்டிக்கு நேரமாகியிருந்தது.

மூன்றாம் நாள் காலையில் டாக்டரம்மா இரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்தார். மகளின் கண்ணை விரித்துப் பார்த்தார், கையைத் தூக்கிவிட்டுப் பார்த்தார். வெட்டி இழுப்பது நின்றிருந்தது. உப்பு இறங்கிவிட்டது, பிள்ளை தப்பிவிட்டாள், இனிக் கேட்கிற அளவு தண்ணீர் கொடுங்கள் என்றார். நான் அவரைக் கும்பிட்டேன். கும்பிட்ட கை கீழே இறங்க மாட்டேன் என்றது.

கொதித்து ஆறின தண்ணீரை ஒரு பிளாஸ்டிக் கோப்பையில் ஊற்றி மகளிடம் கொண்டுபோனேன். அவள் கோப்பையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். தண்ணி சாமி, எவ்வளவு வேணும்னாலும் குடி என்றேன். வாயை இறுக்கிக்கொண்டாள். அவளுக்குத் தெரிந்ததெல்லாம், கேட்ட நேரமெல்லாம் இல்லை என்றவள் அம்மா என்பதுதான். அத்தை எங்கே என்று கேட்டாள். சொன்னதைச் சொன்னபடி செய்து, விரலில் கடியும் வாங்கி, அவளை இழுத்துப் பிடித்து வைத்திருந்தவள் நான். அவள் தேடியது அத்தையை.

நர்ஸிடம் கேட்டுக்கொண்டு விறாந்தைக்குப் போனேன். வீட்டுக்காரர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். மதினி அதே வாங்கின் ஓரத்தில் அதே மாதிரி உட்கார்ந்திருந்தார். பிள்ளை கூப்பிடுகிறாள், வாங்க என்றேன். அவர் தம்பியைப் பார்த்தார். தம்பி மழையைப் பார்த்தார். நான் மதினியின் தோளைப் பிடித்து எழுப்பினேன்.

கட்டிலுக்குப் பக்கத்தில் வந்ததும் மதினி இரண்டு கையையும் முந்தானைக்குள் மறைத்துக்கொண்டார். கோப்பையை நீட்டினேன்.

"நான் வேணாம் டீச்சர். நீங்களே குடுங்க."

"என்கிட்ட குடிக்க மாட்டேங்குறா. நீங்கதான் குடுக்கணும்."

வெகுநேரம் கழித்து ஒரு கையை வெளியே எடுத்து வாங்கினார். வாங்கியவர் அதை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், ஒரு பக்கம் சாய்த்து அடியைப் பார்த்தார். மறுபக்கம் சாய்த்துப் பார்த்தார். விரல் நுனியை விட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"வெறுந்தண்ணிதாங்க மதினி," என்றேன். "கரைக்கிறதுக்கு அதுல ஒண்ணுமில்ல."

மகள் அத்தையைக் கண்டதும் எழும்ப முயன்றாள், முடியவில்லை. படுத்தபடியே இடது கையை நீட்டினாள். ஊசி குத்திக் கன்றிப்போயிருந்த அந்தக் கையின் உள்ளங்கையைக் குழித்துப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள், வீட்டு இஸ்தோப்பில் காத்திருக்கிற மாதிரியே.

மதினி என் முகத்தைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். அவர் கோப்பையைத் தாழ்த்தி அந்தக் குழியில் கொஞ்சம் தண்ணீரை ஊற்றினார். மகள் நக்கினாள். மறுபடியும் கையை நீட்டினாள். மதினி மறுபடியும் ஊற்றினார். பாதி மெத்தையில் சிந்தியது. கோப்பை காலியாக வெகுநேரமாயிற்று, எங்களில் யாரும் அவசரப்படுத்தவில்லை.